எந்த டிகிரியை நம்புவது?

ஒரே கணினி, ஒரே நொடி. ஒரு மென்பொருள் புராசஸரின் சூடு 58 டிகிரி என்கிறது. பக்கத்தில் திறந்திருக்கும் இன்னொன்று 78 என்கிறது. இரண்டிலும் பிழை இல்லை என்றால் நம்புவீர்களா?

2017 மார்ச்சில் ஏஎம்டி நிறுவனத்தின் முதல் ரைசன் புராசஸர்கள் கடைக்கு வந்த புதிதில் பலரும் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். 1700எக்ஸ், 1800எக்ஸ் என்ற இரண்டு மாடல்கள் உண்மையான சூட்டோடு 20 டிகிரியைக் கூட்டிச் சொல்லும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருந்தன. அதே குடும்பத்தைச் சேர்ந்த, எக்ஸ் இல்லாத 1700க்கு அந்தக் கூட்டல் கிடையாது. காரணத்தை நிறுவனமே விளக்கியது. அந்த எண்ணின் முதல் வேலை விசிறியை ஆட்டிவைப்பது. எந்த மாடலைப் பொருத்தினாலும் விசிறி ஒரே ஒழுங்கில் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கூட்டலை அறிந்திருந்த மென்பொருள் 20ஐக் கழித்துக் காட்டியது. அறியாதது வந்ததை அப்படியே காட்டியது.

கணினியின் சூட்டையும் விசிறியின் வேகத்தையும் கண்காணிக்க ஒரு மென்பொருளைத் தேடும்போது நாம் பெரும்பாலும் வரைபடத்தின் அழகையும் இலவசமா என்பதையும்தான் பார்க்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த எண் எங்கிருந்து வருகிறது?

வெப்பத்திலிருந்து வெப்பத்துக்கு

அந்த எண் அளப்பது வெப்பத்தை. அந்த வெப்பத்தின் தொடக்கம் பண்ருட்டியில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே நெய்வேலி. அங்கே முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு, 50 மெகாவாட் திறனோடு, 1962இல் ஓடத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, டர்பைனைச் சுழற்றுகிறார்கள். இத்தகைய நிலையங்களில் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்புக் கோபுரம் வழியாகவும் வானத்துக்குப் போய்விடுகிறது.

அவ்வளவு இழந்து கிடைத்த அந்த ஒரு பங்கு, மின்தொகுப்பில் கலந்து, கம்பி வழியே வந்து உங்கள் மேசைக் கணினிக்குள் நுழைகிறது. நுழைந்ததும் என்ன ஆகிறது? மறுபடியும் வெப்பமாகிறது. கிட்டத்தட்ட முழுவதும். கணக்குப் போடுவது, படம் ஓட்டுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது எல்லாம் போகிற போக்கில் நடக்கும் காரியங்கள். புராசஸருக்குள் 65 வாட் போனால், 65 வாட் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

வெப்பத்தின் அளவைவிட அது புறப்படும் இடம்தான் ஆச்சரியம். 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மின் அடுப்பின் தட்டு 1500 வாட் எடுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் கணக்காகிறது. ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் சிலிக்கான் 100 வாட் எடுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 65 வாட்டைத் தாண்டுகிறது. சிவக்கச் சிவக்கச் சுடும் அடுப்பைவிடப் பத்து மடங்கு அடர்த்தியான வெப்பத்தை ஒரு செப்புக் கட்டி, சில அலுமினியத் தகடுகள், ஒரு பிளாஸ்டிக் விசிறி ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியே கடத்துகின்றன.

இந்த ஏற்பாடு அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம் படம்பிடித்துக் காட்டியது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே புராசஸரின் மேலிருந்த ஹீட் சிங்கை, அதாவது வெப்பத்தை வெளியே கடத்தும் உலோகத் தகடுகளை, கழற்றினார்கள். அன்றைய ஏஎம்டி ஆத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, தள்ளாடியபடியே ஓடியது. உள்ளேயே ஒரு வெப்ப உணரியும், அதைக் கேட்டு நடக்கும் காவல் சுற்றும் அதில் இருந்ததுதான் வேறுபாடு. இன்று எல்லாப் புராசஸர்களிலும் அந்தக் காவல் உண்டு. ஆகவே கண்காணிப்பு மென்பொருள் இல்லாவிட்டாலும் கணினி எரிந்துபோகாது. காரணம் சொல்லாமல் மெதுவாகும். அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் மென்பொருள்.

சிலிக்கானுக்குள் ஒரு வெப்பமானி

ஒரு சில்லுக்குள் பாதரசம் வைக்க முடியாது. ஆனால் சில்லு எதனால் ஆனதோ அந்தச் சிலிக்கானே வெப்பமானி ஆகும். ஒரு சிலிக்கான் டையோடில் மாறாத சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. இதை அளந்தால் சூடு தெரிந்துவிடும். ஒரு சிக்கல்: ஒரே தட்டில் வார்த்த இரண்டு டையோடுகள்கூட இம்மி பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. ஒரே டையோடில் முதலில் ஒரு மின்னோட்டம், அடுத்து அதைப்போல் பத்து மடங்கு மின்னோட்டம் செலுத்துகிறார்கள். இரண்டு முறையும் கிடைத்த மின்னழுத்தங்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறார்கள். டையோடுக்கு டையோடு மாறும் குணங்கள் அந்தக் கழித்தலில் பெரும்பாலும் அடிபட்டுப் போகின்றன. எஞ்சுவது தனிவெப்பநிலைக்கு நேர்விகிதமான ஓர் எண்: ஒரு கெல்வினுக்கு ஏறக்குறைய 0.2 மில்லிவோல்ட். 27 டிகிரி செல்சியஸில் அது 60 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கும். இந்த எண்ணைத் தீர்மானிப்பவை போல்ட்ஸ்மன் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும். அதாவது விரல் நகத்தளவு சில்லு தன் சூட்டைச் சொல்லும்போது இயற்கையின் இரண்டு அடிப்படை மாறிலிகளைச் சாட்சிக்கு அழைக்கிறது.

இவ்வளவு தூய்மையாகத் தொடங்கும் அளவீடு, திரைக்கு வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. இன்டெல் புராசஸர்களின் உணரி நேரடியாக டிகிரியைச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் சொல்லும். “42 பாக்கி” என்று வந்தால், வரம்பு 100 என்று தெரிந்த மென்பொருள் 58 என்று காட்டும். வரம்பு 85 என்று நினைத்த மென்பொருள் 43 என்று காட்டும். கோர் 2 காலத்தில் நடந்தது இதுதான். மேசைக் கணினிக்கான அந்தச் சில்லுகளின் வரம்பை இன்டெல் 2008இல் பொதுவில் சொல்லும் வரை, மென்பொருள் எழுதியவர்கள் ஊகத்தில் ஓட்டினார்கள். உணரியும் வரம்பை நெருங்கும்போதுதான் துல்லியமாக இருக்கும். குளிர்ந்த நிலையில் சில டிகிரி அங்குமிங்கும் போகும். அது அவசரத்துக்கு அடிக்கும் மணியாகத்தான் வடிவமைக்கப்பட்டது. வானிலை அறிக்கை வாசிப்பது அதன் வேலை அல்ல.

விசிறி எண்ணும், வராத காற்றும்

விசிறி வேகத்தின் கதை இன்னும் எளிது. மதர்போர்டில் செருகும் விசிறியின் மூன்றாவது கம்பி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்புகிறது. நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடினால் நொடிக்கு 40 துடிப்பு. நான்காவது கம்பி இருந்தால் அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நொடிக்குச் சுமார் 25,000 முறை மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று விசிறிக்குச் சொல்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண் என்பதால் அந்தக் கீச்சொலி நமக்குக் கேட்பதில்லை.

துடிப்பை எண்ணுவதற்கு மதர்போர்டில் தனியாக ஒரு சில்லு உண்டு. 1990களில் இந்த வேலைக்குப் பெயர்போன எல்எம்78 சில்லு, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தன் கடிகாரம் எத்தனை முறை துடித்தது என்று எண்ணும். 13,50,000ஐ அந்த எண்ணிக்கையாலும் ஒரு வகுஎண்ணாலும் வகுத்தால் விசிறி வேகம் கிடைக்கும். எண்ணிக்கை 255ஐத் தாண்ட முடியாது. வகுஎண் 2 என்றால் குறைந்தபட்சம் அளக்க முடிந்த வேகம் ஏறக்குறைய 2650. அதைவிட மெதுவாக, நிதானமாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடும் விசிறி திரையில் நின்றுபோனதாகத் தெரியும். வகுஎண்ணை 8 ஆக்கினால் 660 வரை அளக்கலாம். அந்த விவரம் தெரிந்த மென்பொருளுக்கும் தெரியாததற்கும் இடையே ஒரு விசிறியின் உயிரே ஊசலாடியது!

ஆவிகளும் உண்டு. மதர்போர்டுச் சில்லில் பல உணரிகளுக்கு இடம் இருக்கும். தயாரிப்பாளர் சிலவற்றில் எதையும் இணைத்திருக்க மாட்டார். இணைக்காத அந்த இடத்தையும் படித்துவிட்டு, “துணை உணரி 127 டிகிரி” என்றோ “மைனஸ் 128” என்றோ சில மென்பொருள்கள் அறிவிக்கும். எட்டு பிட் எண்ணின் இரு எல்லைகள் அவை. அவற்றைக் கண்டு பதறிக் கணினியைக் கழற்றியவர்கள் ஏராளம்.

விசிறி எண்ணில் இன்னொரு கண்கட்டு வித்தை. அது சுற்றை அளக்கிறது, காற்றை அளப்பதில்லை. பண்ருட்டிச் செம்மண் தூசியும், முந்திரிக்கொட்டை வறுக்கிற, உடைக்கிற இடங்களின் புகையும் தூளும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையில் படிந்து அடைத்துக்கொண்ட பிறகும் விசிறி தன் 2000 சுற்றை ஓடிக்கொண்டுதான் இருக்கும். லேப்டாப்பில் இருப்பது பக்கவாட்டில் காற்றைத் தள்ளும் வகை விசிறி. அதன் வாயை அடைத்தால் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் மோட்டாரின் சுமை குறைகிறது. சுற்று முன்பைவிடக் கொஞ்சம் கூடவும் செய்யும். எண்ணைப் பார்த்தால் ஆரோக்கியம். உள்ளே மூச்சு முட்டுகிறது. வேகத்தையும் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே இது பிடிபடும்.

கத்திரி வெயிலின் கணக்கு

வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒரு கூலரைச் சோதித்து, முழுச் சுமையில் 68 டிகிரி என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே கூலர், அதே புராசஸர், பண்ருட்டியில் மே மாத மதியம், குளிர்சாதனம் இல்லாத 37 டிகிரி அறையில் 84 காட்டும். பழுது எதுவும் இல்லை. காற்றால் குளிர்விக்கும் எந்த ஏற்பாடும் அறையின் சூட்டுக்கு மேலே நிற்கும் வித்தியாசத்தைத்தான் தீர்மானிக்க முடியும். விமர்சகரிடம் அது 47. உங்களிடமும் 47தான்.

ஆகவே ஒப்பிட வேண்டியது திரையில் தெரியும் எண்ணை அல்ல, அதிலிருந்து அறையின் சூட்டைக் கழித்த மிச்சத்தை. சுவரில் மாட்டும் ஒரு சாதாரண வெப்பமானி இருந்தால் போதும். மென்பொருளைச் சோதிக்கவும் இதுவே உதவும். இரவு முழுக்க அணைத்து வைத்த கணினியைக் காலையில் போட்டு உடனே பார்த்தால், எண் அறைச் சூட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். 36 டிகிரி அறையில் புராசஸர் 31 என்று காட்டினால் அந்த எண்ணை இயற்பியல் அனுமதிக்காது. உணரியோ, அதை மொழிபெயர்க்கும் மென்பொருளோ, எங்கோ ஓர் இடத்தில் கோணல்.

எது ஆபத்து என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசை, கடும் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. கிராபிக்ஸ் கார்டில் ஓர் இடம் 75 என்னும்போது, அதே சில்லின் மிகச் சூடான புள்ளி 100ஐத் தாண்டியிருக்கலாம். 2019இன் ரேடியான் 7 கார்டில் இதற்கென்றே 64 உணரிகள் இருந்தன. ஹார்டு டிஸ்க் இன்னொரு பாடம் சொல்கிறது. கூகுள் தன் தரவு மையங்களின் டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் இடையே எல்லோரும் எதிர்பார்த்த தொடர்பு இல்லை என்றும், மிகக் குளிர்ச்சியாக வைத்த டிஸ்குகளில் பழுது அதிகமாகக் காணப்பட்டது என்றும் எழுதியது. குறைந்த எண் எப்போதும் நல்ல எண் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு குட்டு.

யாரை உள்ளே விடுவது

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 2020ஆம் ஆண்டுப் புதுப்பிப்பிலிருந்து தனி கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் காட்டுகிறது. புராசஸரின் சூட்டை அது காட்டத் தொடங்கவில்லை. அந்த எண் புராசஸரின் உள் பதிவேடுகளில் இருக்கிறது. சாதாரண மென்பொருளுக்கு அங்கே அனுமதி இல்லை. இயங்குதளத்தின் கருவறைக்குள் போய்வரும் ஒரு டிரைவரை அது துணைக்கு அழைத்தாக வேண்டும். வெறும் சூடு பார்க்கத்தானே என்று நாம் நிறுவுவது, கணினியின் எந்த மூலைக்கும் போகக்கூடிய ஒரு சாவி.

வின்ரிங்0 என்ற டிரைவரின் கதை இதற்குச் சாட்சி. பல கண்காணிப்பு மென்பொருள்களும் விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருள்களும் பல ஆண்டுகளாக அதையே பயன்படுத்தின. அதில் இருந்த ஓட்டை 2020இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது: தீய மென்பொருள் ஒன்று அதே டிரைவரைப் பிடித்துக்கொண்டு கணினியைக் கைப்பற்ற முடியும். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் அதை ஆபத்து என்று தடுக்கத் தொடங்கியது. ஒரே நாளில் பலருடைய விசிறிக் கட்டுப்பாடு நின்றது. லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர், ஃபேன் கன்ட்ரோல் போன்றவை பான்ஐஓ என்ற மாற்று டிரைவருக்கு மாறின.

இதிலிருந்து தேர்வுக்கான முதல் விதி கிடைக்கிறது: இன்றும் பராமரிக்கப்படும் மென்பொருளாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் எல்லோரும் வைத்திருந்த ஸ்பீட்ஃபேன் இப்போது புதிய மதர்போர்டுகளை அடையாளம் காண்பதில்லை. அதன் வளர்ச்சி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஓப்பன் ஹார்டுவேர் மானிட்டரின் வழியில் பிரிந்து வளர்ந்ததுதான் லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்; மூல நிரல் திறந்தே இருக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ அதிக உணரிகளைப் படிக்கிறது. எண்களை வரிசையாகக் கோப்பில் எழுதி வைக்கும் வசதியும் உண்டு. கோர் டெம்ப் புராசஸரோடு நிறுத்திக்கொள்ளும், எளிமையானது. லேப்டாப் என்றால் விசிறியை ஆள்வது தயாரிப்பாளரின் தனிச் சில்லு. பொது மென்பொருள்களோடு பல சமயம் அது பேசாது. அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளே கதி.

லினக்ஸில் கதை வேறு. எல்எம் சென்சார்ஸ் என்ற பழைய திட்டம் தொடங்கிவைத்த வேலை இன்று கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உணரியின் எண் ஒரு சாதாரணக் கோப்பாகத் தெரியும், அதுவும் மில்லி டிகிரியில். கோப்பைத் திறந்தால் 47000 என்றிருக்கும், 47 டிகிரி. தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்புகள் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோடும் வந்தவை. பரணில் கிடக்கும் அப்படியொன்றில் எதையும் வாங்காமலே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். மதர்போர்டுச் சில்லிடம் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு வாசலில் சொல்லிவிட்டு, இன்னொரு வாசலில் பதிலை வாங்க வேண்டும். இரண்டு மென்பொருள்கள் ஒரே சமயத்தில் கேட்டால், ஒன்றின் கேள்விக்கான பதில் மற்றதன் கைக்குப் போய்விடும். ஒழுங்காக எழுதப்பட்டவை ஒன்றுக்கொன்று வழிவிடும். எல்லாம் ஒழுங்கானவை அல்ல.

மூன்றாவது விதி: அடிக்கடி கேட்காதீர்கள். நொடிக்குப் பலமுறை சூட்டை விசாரிக்கும் மென்பொருள், ஓய்வில் இருக்கும் புராசஸரைத் தட்டி எழுப்பிவிடுகிறது. 2019இல் ரைசன் 3000 வந்தபோது சும்மா இருக்கும்போதே சூடாக இருக்கிறது என்று எழுந்த புகார்களுக்கு, கண்காணிப்பு மென்பொருள்களின் இந்த ஓயாத விசாரிப்பும் ஒரு காரணம் என்று ஏஎம்டி சொன்னது. இரண்டு நொடிக்கு ஒருமுறை கேட்டால் தாராளம்.

மணிவாரியாக எழுதும் ஏடு

அனல்மின் நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பாய்லருக்குள் காற்றைத் தள்ள எஃப்டி ஃபேன், புகையை இழுக்க ஐடி ஃபேன், ஒவ்வொன்றின் பேரிங்கிலும் வெப்ப உணரி. டர்பைனையே நிறுத்திவிடக்கூடிய முக்கியமான அளவீடுகளுக்கு மூன்று உணரிகள் வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால்தான் ‘ட்ரிப்’ ஆக வேண்டும் என்று அமைப்பது வழக்கம். ஒற்றை உணரியை நம்பி இவ்வளவு பெரிய இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். இன்னொரு வழக்கம், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மணிவாரியாக லாக் ஷீட் எழுதுவது. பேரிங் 62 டிகிரி என்பது செய்தியே அல்ல. போன மாதம் இதே சுமையில் 55 இருந்தது என்பதுதான் செய்தி.

விசிறி விதிகளும் அங்கும் இங்கும் ஒன்றுதான். வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்கு. தின்னும் மின்சாரம் எட்டு மடங்கு. இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும். ஆகவே விசிறியை முழு வேகத்தில் விடுவது தீர்வல்ல. மாறாத ஒரு சுமையைக் கொடுத்து, 800, 1200, 1600 என்று வேகத்தை ஏற்றி, ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்தால், ஒரு கட்டத்துக்கு மேல் இரைச்சல் ஏறுமே தவிர சூடு இறங்காது. அந்தக் கட்டம்தான் உங்கள் கணினிக்கான வேகம். ஹீட் சிங்க் மெதுவாகச் சூடாகும். சில்லோ கண்ணிமைக்கும் நேரத்தில் இருபது டிகிரி தாவி இறங்கும். அந்தத் தாவலைத் துரத்தும்படி விசிறியை அமைத்தால் அது உறுமி உறுமி அடங்கும். சில நொடிகளின் சராசரிக்கு இசையும்படி வைத்தால் அமைதி.

விண்டோஸ் மேசைக் கணினி என்றால், பராமரிப்பில் உள்ள ஒரே ஒரு மென்பொருளை, எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். சூட்டைக் கோப்பில் பதிவு செய்யும் வசதி அதில் இருக்க வேண்டும். கத்திரி தொடங்கும் முன் ஒரு நாள், வழக்கமான வேலை ஓடும்போது சூடு, விசிறி வேகம், அறை வெப்பநிலை ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே வேலையில் அதே மூன்றையும் எழுதுங்கள். அறைச் சூட்டைக் கழித்த மிச்சம் இரண்டு தடவையும் ஒன்றாக இருந்தால், திரையில் 88 தெரிந்தாலும் வெயிலைத்தான் குறை சொல்ல வேண்டும். விசிறி வேகம் மாறாமல் மிச்சம் மட்டும் பத்து டிகிரி ஏறியிருந்தால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறங்கள். முதலில் தூசியைத் துடையுங்கள். அதற்கும் இறங்காவிட்டால், புராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசிய, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.